கையிருப்பும் கட்டுண்ட ரொக்கமும்



கையிருப்பு என்றவுடன், வேண்டும்போது எடுத்துச் செலவிடத்தக்க பணம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஒரு வங்கியின் நிதி அறிக்கையில் ரொக்கம் என்று காட்டப்படும் தொகை முழுவதும் அத்தகையதன்று. வங்கிக்கு உரியதாயினும் அதன் விருப்பப்படி எடுக்கவியலாத பகுதியும் அதில் அடங்கும். அதனைக் கட்டுண்ட ரொக்கம் எனலாம்.

அமெரிக்காவில் இது தெளிவாகப் புலப்படுகிறது. அங்குள்ள வங்கிகள் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் விதிப்படி, வாடிக்கையாளர் எந்நேரமும் எடுக்கத்தக்க வைப்புகளில் ஒரு பங்கைத் தம் பெட்டகத்திலோ மத்திய வங்கியிலோ வைத்திருக்க வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வைப்புகளில் 127.5 மில்லியன் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு அப்பங்கு 10 விழுக்காடு. அவ்வாண்டு மார்ச் 26ஆம் நாள் அது 0 ஆக்கப்பட்டது. நம் மலேசியாவில் இத்தகைய கட்டு இன்னும் நீங்கவில்லை. பேங்க் நெகாரா 2025 மே 16 முதல் அதனை 2 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைத்தது.

அமெரிக்க வங்கிகளின் அக்கட்டு அவிழ்ந்தபின் பணம் முழுவதும் கட்டற்றதாயிற்றா? இல்லை. பிறர்க்கு ஈடாக வைத்த ரொக்கம் கட்டுண்டே கிடக்கிறது. அன்றியும், அங்கே பல வங்கிகள் வங்கி உடைமை நிறுவனம் எனப்படும் தாய் நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன. தாய் நிறுவனத்தின் கூட்டறிக்கையில் வங்கியின் ரொக்கமும் சேர்த்தே காட்டப்படும். ஆனால் வங்கி தன் தாய்க்குக் கடன் தருவதாயின், அது வங்கியின் மூலதனமும் உபரியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது, ஈடும் பெறவேண்டும். இலாப ஈவு வழங்குவதற்கும் வரம்புண்டு. வைப்பாளரின் பணத்தைக் காப்பதே இவ்வரம்புகளின் நோக்கம். கூட்டறிக்கையின் ரொக்கத்தை மட்டும் நம்பித் தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர் ஏமாற நேரிடும்.

இங்கே மொழிக்கும் ஒரு கடமை உண்டு. ரிசர்வ் என்னும் ஆங்கிலச் சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. மத்திய வங்கியில் வைத்த பணம் ஒன்று. வாராக்கடனை எதிர்பார்த்துக் கணக்கில் கழிக்கும் தொகை மற்றொன்று. பங்குதாரர்க்குப் பகிராமல் நிறுத்திய இலாபம் பிறிதொன்று. முதலாவது மட்டுமே பணம். ஏனைய இரண்டும் கணக்கேட்டின் பதிவுகள். மூன்றையும் ஒதுக்கு நிதி என்றே மொழிபெயர்த்தால், மூன்றுக்கும் எங்கோ ஒரு பெட்டியில் பணம் கிடப்பதாக மாணவர் எண்ணிவிடுவர்.

ஆதலின் முதலாவதைக் காப்பிருப்பு என்றும், இரண்டாவதை இழப்பு ஏற்பாடு என்றும், மூன்றாவதை நிறுத்திய இலாபம் என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்பது நம் முன்மொழிவு. இவற்றினும் பொருத்தமான சொற்கள் கிடைப்பின் அவற்றை ஏற்போம். வகுப்பறையில் ஒரு நிதி அறிக்கையை விரிக்கும்போது, 'எவ்வளவு பணம்?' என்று கேட்பதோடு நில்லாமல், 'யார், எதற்கு எடுக்கலாம்?' என்றும் கேட்கப் பழகுவோம். அவ்வினாவுக்கு விடைகூறும் சொற்களே நமக்கு வேண்டிய கலைச்சொற்கள்.