ஹாஸ்டல் கட்டணமும் உம்பளச்சேரி மாடும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தஞ்சை ஜில்லா என்றால் எல்லோரும் நெல்லைத்தான் சொல்வார்கள். நான் மாட்டைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். என் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. தலைஞாயிறுக்குப் பக்கத்து உம்பளச்சேரிதான் எங்கள் மாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர்.

கன்று செவலையாகப் பிறக்கும். சில மாதங்களில் சாம்பல் நிறமாகிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. குட்டைக் கால், சேற்றில் சளைக்காமல் உழும். உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவதால் மொட்டை மாடு என்றும் சொல்வோம். தை அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போடுவோம். ராமநாதபுரத்துக் கீதாரிகளும் ஆட்டு மந்தையோடு வந்துவிடுவார்கள். "கிடை போட்ட வயலுக்கு வேற உரம் எதுக்குடா?" என்பார் அப்பா.

1971-ல் என் ஹாஸ்டல் கட்டணத்துக்காக அப்பா உழவு ஜோடியை விற்றார். "மாடு போனா வாங்கிக்கலாம், படிப்பு போனா வராதுடா" என்றார். ஆனால் கடைசிவரை வாங்கவே இல்லை.

நான் பாங்க் வேலைக்குப் போனேன். 1980-களில் எத்தனையோ டிராக்டர் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். உழுகிறவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் காளைக்கு வேலை போயிற்று. பசு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பெரிசு. கலப்பினப் பசு வந்ததும் அதற்கும் மதிப்பு போயிற்று. கடலோரத்து மேய்ச்சல் தரிசு பல இடங்களில் இறால் குட்டையாயிற்று. 2018 நவம்பர் 16 கஜா புயலில், சித்தப்பா வீட்டில் மிச்சமிருந்த மூன்று பசுவும் ஒரே ராத்திரியில் போய்விட்டன.

ஓய்வு பெற்றபின் இரண்டு பசு வாங்கிக் கட்டியிருக்கிறேன். பால் கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். சாணமும் கோமியமும் வயலுக்குப் போகின்றன. "எதுக்குப்பா இந்த வயசுல?" என்று மகன் கேட்டான். "உங்க தாத்தா வித்த ஜோடிடா" என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

தம்பி தங்கைகளே, கொருக்கையில் இந்த இனத்துக்கு அரசுப் பண்ணை இருக்கிறது. ஒருநாள் போய்ப் பாருங்கள். மாட்டு லட்சணமும் கைவைத்தியமும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ஊரில் நிலம் வைத்திருக்கும் நண்பர்களே, ஆளுக்கு ஒரு பசு கட்டுங்கள். நம்மில் பலர் மாடு விற்ற காசில் படித்தவர்கள்தானே!