ஒரு தீபாவளி லாபமும் பத்துத் தீபாவளி லாபமும்



சிவகாசி வட்டாரத்தில், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்குத்தான் சொல்கிறேன். மத்திய அரசின் வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸ் உள்ள ஆலை. கேட்கிற விலை 2 கோடியே 40 லட்சம். தரகர் சொல்கிறார்: "அண்ணாச்சி, போன தீபாவளிக்கு எல்லாச் செலவும் போக நாப்பது லட்சம் நின்னிருக்கு. ஆறே வருசத்துல போட்ட முதல் கைக்கு வந்துரும். இதுக்கு மேல என்ன யோசனை?"

வாங்க வந்தவர் தொழிலில் ஊறியவர். அவர் ஒன்றுதான் கேட்கிறார்: "போன தீபாவளி சரி. அதுக்கு முந்தின ஒன்பது தீபாவளிக்கு நோட்டு இருக்கா?"

நோட்டு வருகிறது. பத்து வருடத்தில் மூன்று வருடம் நல்ல லாபம். நான்கு வருடம் சுமார். இரண்டு வருடம் வரவுக்கும் செலவுக்கும் சரி. ஒரு வருடம் நட்டம். பழைய வருடங்களின் தொகையை இன்றைய ரூபாய் மதிப்புக்கு ஏற்றி, நட்டத்தைக் கழித்து, பத்தால் வகுத்தால் சராசரி லாபம் 16 லட்சம். இப்போது 2 கோடியே 40 லட்சத்தை 16 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். பதினைந்து வருடம். தரகர் சொன்ன ஆறு எங்கே, இந்தப் பதினைந்து எங்கே!

பங்குச் சந்தையில் ஒரு கம்பெனியின் பங்கை மதிப்பிட உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறைக்கு இதுதான் அடிப்படை. பங்கின் விலையை, ஒரு பங்குக்கு உரிய ஒரு வருட லாபத்தால் வகுத்தால் கிடைப்பது பி.இ. விகிதம். செய்தித்தாளில் வருவதும் செல்போன் செயலிகளில் தெரிவதும் அதுதான். ஒரு வருட லாபத்துக்குப் பதிலாகப் பத்து வருட லாபத்தை, விலைவாசிக்கு ஏற்பத் திருத்திச் சராசரியாக்கி, அதனால் விலையை வகுத்தால் கிடைப்பது கேப் விகிதம். ஷில்லர் பி.இ. என்றும் சொல்வார்கள்.

பத்து வருடம் ஏன் வேண்டும் என்பதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். பட்டாசு செய்யும் வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக்கு அது தேவையில்லை. 2016இல் தீபாவளி அக்டோபர் 29ஆம் தேதி வந்தது. சரக்கு விற்றாகிவிட்டது. வெளி மாநில வியாபாரிகளிடமிருந்து பாக்கி வசூலாக வேண்டிய நேரத்தில், நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறு வருடம் ஜி.எஸ்.டி. அதே 2017 அக்டோபரில் டெல்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு. சரவெடி கூடாது, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்றது நீதிமன்றம். அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2020இல் கொரோனா. ராஜஸ்தான், ஒடிசா, டெல்லி அரசுகள் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் விற்பனையைத் தடை செய்தன. அனுப்பிய சரக்கு அங்கங்கே கிடங்கில் தங்கியது.

இப்படி ஐந்து வருடத்தில் ஐந்து விதமான சீசன். எந்த ஒரு வருடத்தை எடுத்து, இதுதான் ஆலையின் சம்பாத்தியம் என்று சொல்வது? எல்லாமே உண்மைக் கணக்குதான். ஆனால் தனித்தனியாக எடுத்தால் எல்லாமே தப்பான வழி காட்டும்.

அடுத்தது விலைவாசி. 2013-14இல் சம்பாதித்த 100 ரூபாயும் 2022-23இல் சம்பாதித்த 100 ரூபாயும் ஒன்றல்ல. மத்திய அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு 2013-14இல் சராசரியாக 112ஐ ஒட்டி இருந்தது. 2022-23இல் 175ஐ ஒட்டி வந்துவிட்டது. அதாவது 2013-14இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானை வாங்க 2022-23இல் 156 ரூபாய் வேண்டியிருந்தது. பழைய லாபத்தை அப்படியே கூட்டினால் கம்பெனியின் பழைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுகிறோம். அதனால் ஒவ்வொரு வருட லாபத்தையும் அந்தந்த வருடக் குறியீட்டை வைத்து இன்றைய ரூபாய்க்கு மாற்றிய பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

இந்த யோசனை புதிதல்ல. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, பலருடைய சேமிப்பு காணாமல் போன பிறகு, பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்ற இருவர் 1934இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு வருட லாபத்தை நம்பாதீர்கள், குறைந்தது ஐந்து வருடம், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரியைப் பாருங்கள் என்பது அவர்கள் சொன்ன யோசனை. 1988இல் ஜான் கேம்ப்பெல், ராபர்ட் ஷில்லர் இருவரும் அதைப் பணவீக்கம் நீக்கிய கணக்காக வளர்த்தார்கள். நூறு வருடத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சந்தைக் கணக்கை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். ஷில்லருக்கு 2013இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஜோஷி ஜேக்கபும் சக ஆய்வாளரும் சென்செக்ஸ் குறியீட்டுக்கு இதே கணக்கைப் போட்டு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள்.

இனி ஒரு நிஜக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பட்டாசு ஆலைகள் பெரும்பாலும் குடும்பச் சொத்து. அவற்றின் பங்கு சந்தையில் கிடைக்காது. ஆனால் விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற வழியில், துலுக்கப்பட்டி பக்கம் ஆர்.ஆர். நகரில் ஒரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. ராஜபாளையம் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மெட்ராஸ் சிமெண்ட்ஸின் முதல் ஆலை அது. 2013 முதல் கம்பெனியின் பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ். அதன் பங்கை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. சிமெண்ட் தொழிலில் லாபம் ஏறி இறங்குவது வழக்கம் என்பதால், இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வசதியாக இருக்கும். அவ்வளவுதான்.

2021-22ஆம் நிதியாண்டில் ராம்கோவின் லாபம் ஏறத்தாழ 890 கோடி ரூபாய். பங்குகள் 23 கோடியே 60 லட்சம். ஆக, ஒரு பங்குக்கு ஏறத்தாழ 38 ரூபாய். அந்த மார்ச் இறுதியில் பங்கின் விலை 760 ரூபாயை ஒட்டி இருந்தது. 760ஐ 38ஆல் வகுத்தால் பி.இ. 20.

மறு வருடம் ஆலைக்கு எரிபொருளான நிலக்கரி விலையும் பெட்கோக் விலையும் எகிறின. புதிதாகப் போட்ட ஆலைகளுக்கான கடன் வட்டியும் தேய்மானமும் கூடின. முந்தின வருட லாபத்தைத் தூக்கிக் காட்டிய வரிச் சலுகை இந்த வருடம் இல்லை. லாபம் ஏறத்தாழ 340 கோடியாக இறங்கியது. ஒரு பங்குக்குப் பதினாலரை ரூபாய். பங்கின் விலையோ மார்ச் இறுதியில் அதே 760ஐ ஒட்டித்தான் இருந்தது. பி.இ. 52!

ஆலை அதே ஆலை. பங்கின் விலையும் ஏறக்குறைய அதே விலை. பி.இ.யை மட்டும் பார்க்கிறவர் முதல் வருடம் மலிவு என்பார், மறு வருடம் கொள்ளை விலை என்பார். இரண்டு வருடமும் அவர் தன் கையில் இருந்த கணக்கைச் சரியாகத்தான் படித்தார்.

பத்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2013-14இல் லாபம் வெறும் 138 கோடி. 2022-23 ரூபாய்க்கு மாற்றினால் அது 215 கோடி ஆகிறது. இப்படிப் பத்து வருடத்தையும் மாற்றிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ 640 கோடி வருகிறது. ஒரு பங்குக்கு 27 ரூபாய். 760ஐ 27ஆல் வகுத்தால் 28. இருபதும் இல்லை, ஐம்பத்திரண்டும் இல்லை. மலிவும் அல்ல, கொள்ளையும் அல்ல. இந்தத் தொழிலின் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் நிதானமான மதிப்பு இது.

ஒரு கம்பெனிக்கு நடப்பது மொத்தச் சந்தைக்கும் நடக்கும். 2009 தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தை பாதாளத்தில் கிடந்தது. வங்கிகள் பெரும் நட்டம் காட்டியதால் கம்பெனிகளின் மொத்த லாபம் மிகவும் சுருங்கிப்போனது. வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருகுமல்லவா? அந்த வசந்த காலத்தில் ஒரு வருட பி.இ. நூறைத் தாண்டியது. பல வருடங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் மலிவு விலையில் பங்குகள் இருந்தபோது, பி.இ. சொன்னது, எட்டாத விலை என்று. அதே ஆண்டு மார்ச்சில் ஷில்லரின் விகிதம் 13. அதன் நீண்ட காலச் சராசரி 17ஐ ஒட்டியது. அதைவிடக் குறைவு.

நம் நிஃப்டிக்கும் இது நடந்தது. கொரோனாவில் லாபம் விழுந்து, சந்தை மட்டும் எழுந்ததால், 2021 தொடக்கத்தில் நிஃப்டியின் பி.இ. 40ஐத் தாண்டியது. பிறகு அந்த ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை கணக்கிடும் முறையை மாற்றியது. தாய்க் கம்பெனியின் லாபத்தை மட்டும் எடுப்பதை விட்டு, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த லாபத்தை எடுத்தது. ஒரே இரவில் 40 என்பது 33 ஆனது. பங்கு விலை எதுவும் விழவில்லை. ஆகவே ஒரு எண்ணைக் காதில் வாங்கும்போது, அதற்குள் யாருடைய லாபம், எந்த வருடத்து லாபம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நல்ல முறை என்றால் இதை மட்டும் வைத்துக்கொண்டு பங்கு வாங்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. இரண்டு காரணம்.

முதலாவது, இது நேரம் காட்டாது. 1996 டிசம்பரில் ஷில்லரும் கேம்ப்பெல்லும் அமெரிக்க மத்திய வங்கிக்கே போய், சந்தை அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்று எச்சரித்தார்கள். அவர்களுடைய விகிதம் அப்போது 28ஐ ஒட்டி இருந்தது. சந்தை கேட்கவில்லை. அடுத்த மூன்று வருடத்துக்கு மேல் ஏறி, இரட்டிப்பானது. விகிதம் 44 வரை போன பிறகு, 2000இல்தான் இறங்கத் தொடங்கியது. எச்சரிக்கை பலித்தது, ஆனால் எப்போது பலிக்கும் என்று சொல்ல அந்த எண்ணால் முடியவில்லை. அடுத்த பத்து வருடத்தில் வருமானம் சுமாராக இருக்குமா, தாராளமாக இருக்குமா என்று ஊகிக்க உதவும். அடுத்த தீபாவளிக்குள் என்ன ஆகும் என்று சொல்லாது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். அதை நம் ஊர்த் தொழிலே கற்றுக்கொடுக்கிறது. 2018 தீர்ப்புக்கு முன்னால் ஒரு ஆலையின் வருமானத்தில் பாதி சரவெடியிலிருந்தும், பச்சை உப்பு போட்ட ரகங்களிலிருந்தும் வந்திருக்கும் என்று வையுங்கள். பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். தடை வந்த பிறகு அந்த ஆலையின் பழைய பத்து வருடச் சராசரியை எடுத்து என்ன பயன்? அந்த லாபத்தைச் சம்பாதித்துக் கொடுத்த சரக்கையே இனிச் செய்யக் கூடாது. மழை, கொரோனா, பண முடக்கம் போன்றவை வந்து போகும் கஷ்டங்கள். அவற்றைச் சராசரி தாங்கும். தொழிலின் விதியே மாறினால் சராசரி தாங்காது. எஸ்.டி.டி. பூத்துக்கு என்ன நடந்தது, பிலிம் சுருள் கம்பெனிக்கு என்ன நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். வீழும் தொழிலின் பங்கு, பத்து வருடச் சராசரியில் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். மலிவாகத் தெரிந்துகொண்டே இன்னும் கீழே போகும்.

நோட்டில் ஏறாத செலவும் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பாதுகாப்புக்குச் செலவு செய்யாமல் மிச்சம் பிடித்த பணமும் நோட்டில் லாபம் என்றே எழுதப்படும். பத்து வருடம் எழுதினாலும் அது லாபமாகாது. எந்தக் கம்பெனியின் லாபத்தைப் படிக்கும்போதும், எதைச் செய்யாமல் விட்டதால் இந்த லாபம் வந்தது என்று கேட்பது நல்லது.

சரி, சாதாரண முதலீட்டாளர் என்ன செய்யலாம்? பட்டியலில் உள்ள கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் அவர்களுடைய இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து வருட நிகர லாபத்தை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நிலம் விற்ற வரவு, வரிக் கணக்கில் வந்த ஒருமுறை வரவு போன்றவை இருந்தால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விலைக் குறியீட்டால் இன்றைய ரூபாய்க்கு மாற்றுங்கள். நட்ட வருடத்தை விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தான் இந்த வேலையே. கூட்டிப் பத்தால் வகுத்து, இன்றைய பங்கு எண்ணிக்கையால் வகுத்து, வரும் தொகையோடு விலையை ஒப்பிடுங்கள். ஒரு கம்பெனிக்கு அரை மணி நேரம் ஆகும்.

பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பத்து வருட லாபத்தைக் கொடுத்த தொழில் அடுத்த பத்து வருடமும் இருக்குமா? இருக்கும் என்று காரணத்தோடு சொல்ல முடிந்தால் நீங்கள் போட்ட சராசரிக்கு மதிப்பு உண்டு. சொல்ல முடியாவிட்டால், எண் எவ்வளவு மலிவாகக் காட்டினாலும் அந்தப் பங்கை விட்டுவிடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.