மலைவழியில் ஒரு புல்முடிச்சு



1931 ஏப்ரலில் பிரெஞ்சு சித்ரோயன் நிறுவனத்தின் ஊர்திகள் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் நோக்கிப் புறப்பட்டன. சோவியத்து அரசு வழிவிட மறுத்தமையால், ஈரான், ஆப்கானிசுத்தானம் கடந்து இமயத்தின் ஊடே செல்லத் திட்டத்தை மாற்றினர். சீநகருக்கு அப்பால், பாதை இற்ற இடத்தில் ஊர்தியைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சுமையாட்கள் சுமந்தனர். கில்கித்தோடு ஊர்திகளை விட்டுக் குதிரை ஏறினர். பெரும்பொருள் செலவிட்டு வகுத்த திட்டத்தையும் மலையே திருத்தி எழுதியது.

மலைவழி வகுக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், அவ்வழி செல்லவிருக்கும் கூத்தனுக்கு உரைப்பது அது. உணவு கிடைக்கும் ஊர், பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, புனங்காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்கும் முறை ஆகிய யாவும் அதில் உண்டு. நடந்தவன் சொல் அது.

அதனினும் உயர்ந்தது ஒன்றுண்டு. வழிகள் பிரியுமிடத்தில், பின்வருவோர் திகையாவண்ணம் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். தன் பயணத் திட்டத்திலேயே முகமறியாதவனுக்கும் இடம் வைத்த நெஞ்சம் அது!

பாரதியின் குயில்தோப்பால் பெயர்பெற்ற இக்கருவடிக்குப்பத்தில் நம் வட்டம் பத்தாண்டு நடந்துள்ளது. நமக்குப் பின்னே இளங்கவிஞர் வருகின்றனர். வழுக்கும் இடங்களை அவர்க்கு மறையாது சொல்வோம். ஒரு புல்லேனும் முடிந்து வைப்போம்.