முதுமையில் எலும்பு முறிவு

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சாலையையும் வரி வசூலையும் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் எலும்பைப் பற்றி என்ன பேச்சு என்று தாங்கள் கருதக்கூடும். பாசி படிந்த குழாயடியும் விளக்கெரியாத தெருவும் பஞ்சாயத்தின் பொறுப்பன்றோ? ஆகவே இதுவும் நம் அலுவலேயாகும்.

வாலிபன் ஒருவன் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டால், சில மாதங்களில் மீண்டும் மண்வெட்டி பிடிக்கிறான். 70 வயது மூதாட்டி வாசற்படியில் இடறி விழுந்து இடுப்பு முறிந்தால் நிலைமை வேறு. அவ்வாறு முறிந்த முதியோரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவது பல நாடுகளில் கண்ட உண்மை. அவர்களுள் பலரைக் கொண்டுபோவது படுக்கைதான். அசையாது கிடப்பதால் நெஞ்சில் சளி கட்டுகிறது, முதுகில் புண் உண்டாகிறது, காலில் இரத்தம் உறைகிறது, தசை கரைகிறது. பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தனித்து நடப்பதில்லை.

மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு விரைவாக வலுவிழக்கிறது. மணிக்கட்டு முறிந்த 55 வயது அம்மாளைக் கட்டுப் பிரித்ததும் மறந்துவிடலாகாது. ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கூனலைக்கூட முதுமையின் இயல்பென்றே எண்ணி விடுகிறோம். முதுகெலும்புகள் ஓசையின்றி நொறுங்கியதாலும் அது நேர்வதுண்டு.

கட்டுக் கட்டுவோரிடம் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. தொடையெலும்பின் கழுத்து முறிந்தால் மூங்கில் பத்தையும் முட்டைப் பற்றும் அதனைச் சேர்க்கமாட்டா. அவ்விடத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டமே பல வேளைகளில் அறுபட்டுவிடுகிறது. விழுந்தவரின் ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்புறம் திரும்பியிருப்பின், நிறுத்திப் பார்க்க முயலாமல் 108 வண்டியை அழையுங்கள். இரண்டு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்து, மறுநாளே எழுந்து நிற்கச் செய்வது நலம். "இந்த வயதில் அறுவை எதற்கு?" என்று வீட்டார் கேட்பர். அதனை நாங்கள் ஏற்பதற்கில்லை. வயது முதிர்ந்தவரே படுக்கையைத் தாங்கமாட்டாதவர். 2021 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சை இல்லத்திற்கே வருமாறு வகுக்கப்பட்டது.

உணவைப் பற்றி ஒரு சொல். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் ஏறக்குறைய 10 தான். விளைவிப்பவர் நாமே, உண்பதை மட்டும் விட்டுவிட்டோம்!

குழாயடிப் பாசியை வாரந்தோறும் தேய்த்தெடுக்க ஆள் வேண்டும். முதியோர் உள்ள வீட்டுக் கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வேண்டும். கம்பிக்கு ஆகும் செலவு சொற்பமே. அதற்கான மதிப்பீட்டைத் தங்கள் அடுத்த கூட்டத்திற்கு எங்கள் ஓவர்சியர் கொண்டுவருவார்.