கலவாத பருத்திகள்

என் இளமையில் எங்கள் கரிசல் காட்டில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. வரப்புக்கு அப்பால், கிணற்றுப் பாசனமுள்ள தோட்டத்தில், அண்டை நிலத்துக்காரர் கம்போடியாப் பருத்தி போட்டிருந்தார். கருங்கண்ணியின் பூ மஞ்சள். கம்போடியாவின் பூவோ காலையில் வெளுத்திருந்து மறுநாள் சிவக்கும். இரண்டிலும் அதே தேனீக்கள்தாம் புகுந்து எழுந்தன. "அந்தப் பூந்தூள் இங்கே விழுந்து நம் விதை கெட்டுவிடுமோ?" என்று என் தந்தையார் அஞ்சுவார். மறு ஆண்டு விதைப்பை நம்பியிருந்த குடும்பத்துக்கு அது சிறிய கவலையன்று.

ஆயினும் விதை பூவில் கலக்கவில்லை. (அரவை ஆலையில் கலந்ததுண்டு, அது மனிதர் செய்த கலப்பு.) காரணத்தை, ஆசிரியப் பயிற்சிக்குப் போன பின்புதான் நான் அறிந்தேன்.

கருங்கண்ணி ஆசியப் பருத்தி. அதன் உயிரணுவில் குரோமோசோம்கள் 26. கம்போடியா என்பது பெயரளவில்தான். அது அமெரிக்கப் பருத்தி இனம். அதற்கு 52. தேனீ வேற்று மகரந்தத்தைக் கொணர்ந்தாலும், பெரும்பாலும் பூவின் சொந்த மகரந்தமே முந்திக்கொள்கிறது. தப்பித் தவறிக் கருவுற்றால், கரு முற்றாமல் காய் உதிர்கிறது. அதையும் கடந்து ஒரு செடி முளைத்ததென்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்திலிருந்து 13, மறு பக்கத்திலிருந்து 26, ஆக 39. மகரந்தமும் சூலும் உண்டாகும் வேளையில் குரோமோசோம்கள் இணை சேர்ந்து, பின் ஒழுங்காகப் பிரிய வேண்டும். இங்கோ 13 இணைகள் போக, 13 துணையின்றி நிற்கின்றன; பங்கீடு குலைகிறது. செடி செழிக்கும், பூக்கும், விதை பிடிக்காது.

வியப்பு என்னவெனில், அமெரிக்கப் பருத்தியே ஒரு கலப்பில் பிறந்ததுதான். பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், பழைய உலகப் பருத்தி ஒன்று அமெரிக்கக் காட்டுப் பருத்தியோடு கூடியது. 13உம் 13உம் சேர்ந்த அக்கலப்பில் குரோமோசோம் தொகுதி முழுவதும் இரட்டித்து 52 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் துணை கிடைத்தது. 1940இல் பீஸ்லி என்னும் அமெரிக்க அறிஞர், ஆசியப் பருத்திக்கும் அமெரிக்கக் காட்டுப் பருத்திக்கும் பிறந்த மலட்டுக் கலப்பினத்தில் கோல்ச்சிசின் மருந்தால் அவ்விரட்டிப்பைச் செய்துகாட்டினார். அச்செடியின் மகரந்தம் இன்றைய அமெரிக்கப் பருத்தியோடு கூடி விதை தந்தது.

கருங்கண்ணி இன்று அருகிவிட்டது. என் தந்தையார் அஞ்சியவாறு அண்டைத் தோட்டத்துப் பூந்தூளால் அன்று, விதைப்பார் குறைந்ததால்.