பாட்டரியை மாற்றுமுன் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள்

(ஆழ்வார்திருநகரியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் எனது கார் இரவு வேளையில் நடுவழியில் நின்றுவிட்டது. பாட்டரி கெட்டதென்று எண்ணிப் புதியது வாங்கிப் பொருத்தினேன். நான்காம் நாள் அதுவும் அடங்கிவிட்டது. குற்றம் ஆல்டர்னேட்டரில் இருந்தது. அந்த வீண் செலவு தங்களுக்கு நேரலாகாது என்பதே இன்று நான் பேசுவதன் நோக்கம்.

வண்டியைக் கிளப்புவது பாட்டரி. கிளம்பிய பின் விளக்குகளுக்கு மின்சாரம் தந்து, பாட்டரி இழந்ததையும் ஈடுசெய்வது ஆல்டர்னேட்டர். இதனை நம்மவர் பழைய பழக்கத்தால் டைனமோ என்றே அழைக்கின்றனர். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவத்தால் இஃது இயங்குகிறது. எஞ்சினுடன் இணைந்த பெல்ட் இதனைச் சுழற்றுகிறது. கடம்பாகுளத்திற்குத் தென்கால் எப்படியோ, பாட்டரிக்கு ஆல்டர்னேட்டர் அப்படி. கால்வாய் அடைபட்டிருக்கக் குளத்தை ஆழப்படுத்திப் பயன் என்ன?

சோதனைக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டர் ஒன்று போதும். அதனை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்க. 12 வோல்ட் பாட்டரியுள்ள கார், டிராக்டர் இரண்டிற்கும் முறை ஒன்றே.

முதலாவது, வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பின், எஞ்சினை இயக்காமல், சிவப்பு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் கறுப்பை எதிர்முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

இரண்டாவது, எஞ்சினை இயக்கிச் சற்றே வேகம் கூட்டி மீண்டும் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் நலமாக உள்ளது. முன்னிருந்த அளவிலேயே நின்றாலோ குறைந்துகொண்டே போனாலோ மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரி கொதித்து நீர் வற்றும்.

மூன்றாவது, முன்விளக்குகளை எரியவிட்டுப் பாருங்கள். அப்போதும் அளவு 13-க்குக் கீழ் இறங்கலாகாது. புதிய கார்கள் சிலவற்றில் கணினியே இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றிற்கு வண்டியின் கையேடே வழிகாட்டி.

அளவு ஏறாவிடில் உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டா. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெல்ட் தளர்ந்துள்ளதா, வெடித்துள்ளதா, பாட்டரி முனைகளில் உப்புப் பூத்துள்ளதா, கம்பிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். பல வேளைகளில் குற்றம் அங்கேயே அகப்படும்.

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ நாளில் வந்த பழக்கம். ஆல்டர்னேட்டரிலுள்ள டயோடுகள் அதனால் எரிந்துபோகும்; அதனை அறவே விடுக. ஓடும் பெல்டின் அருகே துண்டுடனோ தளர்ந்த வேட்டியுடனோ குனியாதீர்கள். பாட்டரியின் அருகே பீடியும் ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் தீப்பற்றும் இயல்புடையது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த பெருமழையை நாம் மறத்தற்கில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் ஆல்டர்னேட்டரில் சேறு புகுந்து, பேரிங்கையும் கரிப் பிரஷ்களையும் கெடுக்கும். அத்தகைய வண்டியைக் கிளப்பிப் பார்க்காது, பட்டறையில் பிரித்துத் துடைத்துக் காயவைத்த பின்னரே இயக்குக.

ஊராட்சிதோறும் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் சோதித்துவிடுங்கள். நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய நள்ளிரவில் வண்டி கிளம்பாது நிற்கும் துயரம் நம் ஊர்களில் எவருக்கும் நேராதிருக்கட்டும்.