செங்கல்பட்டில் தோற்ற ஊசியும் நம் மரபணுக்களும்

இருங்காட்டுக்கோட்டையில் முதல் கார் உருவாவதற்கு முப்பது ஆண்டு முன்பு, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர்கள். மாவட்டம், பழைய செங்கல்பட்டு. 1968இல் அந்த மாவட்டத்தில், திருவள்ளூரை மையமாக வைத்து, காசநோய்க்கு எதிரான மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. கைக்குழந்தை முதல் முதியவர் வரை இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்கு பிசிஜி என்ற அந்தத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது போனது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1948இல் கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் கூடம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் நடந்தது. 1955இல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த ஊசி நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பாதுகாப்பு தந்தது உண்மை. நம் ஊரில் எப்படி? அதற்குப் பதில் சொல்லத்தான் செங்கல்பட்டுச் சோதனை.

ஏழரை ஆண்டு முடிவு 1979இல் வெளிவந்தது. உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவே இல்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் அச்சானது. அதிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை, சிறுவர்களிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை பிசிஜி நன்றாகவே தடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியைப் போடாமல் விடாதீர்கள்.

ஊசி ஏன் தோற்றது? மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் நம் உடலை முன்பே பழக்கிவிட்டிருக்கலாம் என்றார்கள். கிருமி வகை வேறு என்றார்கள். இன்னொரு கேள்வியும் எழுந்தது. நம் உடம்பின் எதிர்ப்பு மரபணுக்களே வேறோ?

அந்தக் கேள்விக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. உலகில் சுமார் நாலில் ஒருவருக்குள் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறது. ஆனால் அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வருகிறது. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு கொடுமை நடந்தது. பிசிஜி மருந்தில் உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துபோய், 251 பச்சிளங்குழந்தைகளுக்கு அதைப் புகட்டிவிட்டார்கள். 72 குழந்தைகள் இறந்தன. மற்றவை பிழைத்தன. கலப்படத்தின் அளவு கூடக்குறைய இருந்தது ஒரு காரணம். அது மட்டுமே காரணமா என்ற கேள்வி அன்றிலிருந்து நிற்கிறது.

இப்போது மரபணுவுக்கு வருவோம். 1958இல் பாரிஸில் ஜான் தோசே என்ற ஆய்வாளர் வெள்ளணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் மாறும் ஓர் அடையாளத்தைக் கண்டார். எச்.எல்.ஏ. என்று இன்று நாம் சொல்வது அந்தக் குடும்பத்தைத்தான். சிறுநீரக மாற்றுக்கு முன் இரண்டு பேருக்கும் பொருத்தம் பார்க்கிறார்களே, அதுவேதான். ஆனால் இயற்கை அதை ஆபரேஷனுக்காகப் படைக்கவில்லை. உடம்பின் செல் தனக்குள் புகுந்த கிருமியின் துண்டை எடுத்து, தாம்பாளத்தில் வைத்துக் காட்டுவதுபோல மேலே நீட்டுகிறது. அந்தத் தாம்பாளம்தான் எச்.எல்.ஏ. மூலக்கூறு. டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துத்தான் தாக்கலாமா என்று முடிவு செய்கின்றன. டொஹர்டி, ஸின்கர்நாகல் என்ற இரு ஆய்வாளர்கள் 1974இல் இதை நிறுவினார்கள். 1996இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவருடைய எச்.எல்.ஏ. எல்லாத் துண்டையும் ஒரேபோல ஏந்தாது. அதனால் ஒரு கிருமி சிலரிடம் சட்டென்று பிடிபடும், சிலரிடம் நழுவும்.

தமிழ்நாட்டில் இதை முன்னின்று ஆராய்ந்தவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன். நுரையீரல் காசநோயாளிகளிடம் எச்.எல்.ஏ. டிஆர்2 என்ற வகை கூடுதலாகக் காணப்படுகிறது என்று அவரது குழு 1991இல் எழுதியது. அது ஒரு சாய்வு மட்டும்தான். டிஆர்2 உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதில்லை.

இதைவிடக் கூர்மையான சான்று 1996இல் கிடைத்தது. துனிசியாவைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு பிசிஜி ஊசியின் வலுவிழந்த கிருமியே உடம்பெங்கும் பரவியது. தேடினால், இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைச் செய்தியைக் கேட்டுக்கொள்ளும் வாங்கியின் மரபணு பழுதாகியிருந்தது. ஒரே ஒரு மரபணு! அதே ஆண்டு மால்டாவின் சில குழந்தைகளிடமும் அதே மரபணுவில் பழுது தெரிந்தது. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைகள் மிக மிக அரிது.

அப்படியென்றால் செங்கல்பட்டு மக்களின் மரபணுதான் பிசிஜியைத் தோற்கடித்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தெற்காசிய வம்சாவளிக் குழந்தைகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 1988இல் எழுதினார்கள்: அந்தக் குழந்தைகளுக்கு பிசிஜி 64 சதவீதம் பாதுகாப்பு தந்தது. மரபு நம் பக்கத்தது, ஆனால் வளர்ந்த மண் வேறு. குழந்தையிலேயே ஊசி போட்டதும் ஒரு வேறுபாடுதான். எப்படிப் பார்த்தாலும், ‘நம்ம உடம்பு வாகு அப்படி’ என்று கைகழுவ அறிவியல் இடம் தரவில்லை. மரபணு ஒரு பங்கு. உணவு, காற்று, நெரிசல், சர்க்கரை நோய், புகை ஆகியவற்றுக்கும் பெரிய பங்கு உண்டு, அவை நம் கையில் இருப்பவையும்கூட.

இதற்கு நேரடிச் சான்று ஜார்க்கண்டில் கிடைத்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது, 2023இல் வெளியானது. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. யாருடைய மரபணுவையும் யாரும் தொடவில்லை.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தடத்தில் ஷிப்ட் வேலை பார்த்து, ஓர் அறையில் பலராகத் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அது இலவசம். மருந்தும் இலவசம். சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயை அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது. அறையில் ஒருவருக்கு உறுதியானால், கூடத் தங்கியிருப்பவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், இருமல் இல்லாவிட்டாலும்.